சடுகுடுத் தரை

மேனேஜர் கோதண்டபாணிக்கு என்னைக் கண்டால் ஆகாது. எனக்கும் அவரைக் கண்டால் ஆகாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த விஷயத்தில் நான் நியாயமாக இரண்டு பக்கமும் பேசுவேன் என்று யாராவது எதிர்பார்த்தால் அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளட்டும்.

திண்டிவனத்தில் அவர் குடும்பம் நடத்திய பெண்கள் பள்ளிக்கு நான் தலைமை ஆசிரியை. பெயர் லூர்துமேரி. வீடு விழுப்புரத்தில். என் வீட்டுக்காரர் தேவசகாயத்துக்கு அங்கே ஜங்ஷனில் வேலை. தினமும் காலையில் பாசஞ்சர் பிடித்துத் திண்டிவனம் வருவேன், சாயங்காலம் திரும்புவேன். கோதண்டபாணிக்கு ஊரில் பெரிய மல்லாட்டை மண்டி, எங்கள் பக்கத்தில் நிலக்கடலைக்கு அதுதான் பெயர். பள்ளிக்கூடம் அவருக்குத் தோளில் போடுகிற சரிகைத் துண்டு மாதிரி. நாலு பேர் பார்க்கும்போது வேண்டும், மற்ற நேரம் அது எங்கே கிடக்கிறது என்று தெரியாது.

பள்ளிக்குப் பின்னால் ஒரு பெரிய தரை இருந்தது. நாலு மணிக்கு மணி அடித்தால் பெண்கள் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு அங்கே சடுகுடு ஆடுவார்கள். ஆட வைத்தவள் நான்தான். பொட்டைப் பிள்ளைகளுக்குச் சடுகுடுவா என்று ஊரில் முணுமுணுத்தார்கள். முணுமுணுக்கட்டும், வாய் வலித்தால் தானே நிறுத்துவார்கள் என்று விட்டுவிட்டேன்.

1938 ஆவணியில் அந்தத் தரையில் கெங்கம்மாள் விழுந்தாள். எட்டாம் வகுப்பு, அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தால் எதிர்ப்பக்கம் கோடு வரைக்கும் பின்வாங்கும். இரண்டு பேர் காலைப் பிடிக்க, கையை ஊன்றி விழுந்தாள். மணிக்கட்டு ஒடிந்துவிட்டது. அந்தத் தரை அப்படி, கல்லில் விழுவதும் அதில் விழுவதும் ஒன்றுதான்.

மறுநாளே கோதண்டபாணி வந்துவிட்டார். ஆசிரியைகள் எல்லோரையும் தாழ்வாரத்தில் நிற்க வைத்தார்.

"பொண்ணுங்க கையி காலு ஒடிச்சிக்கினு வந்தா நாளைக்கு எவன் கட்டிக்குவான்? ஆட்டம் கீட்டம் எல்லாம் இன்னியோட நிறுத்திக்குங்க. மண்டியில எனக்கு எடம் பத்தல. தை மாசத்துலேர்ந்து மல்லாட்டைய இங்க கொண்டாந்து காயப் போடப் போறேன்."

எனக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. கெங்கம்மாளின் கைக்காக அவர் வரவில்லை, அந்தத் தரைக்காக வந்திருக்கிறார்!

"தரை கெட்டியா இருக்கறதுதான் கொறைங்களா? புல்லு வளத்துட்டா?" என்றேன்.

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். "புல்லா? இந்தத் தரையிலயா? டீச்சரம்மா, இதுல நெருஞ்சிகூட யோசிச்சுக்கினுதான் மொளைக்கும்."

"வளத்துட்டா இன்னா செய்வீங்க?"

"தை பொறக்கறதுக்குள்ள இது பச்ச கட்டட்டும். தரை பொண்ணுங்களுக்கே. நான் வாய் தெறக்க மாட்டேன். கட்டலன்னா நீங்க வாய் தெறக்கக் கூடாது."

"சரிங்க" என்றேன். எப்படி வளர்ப்பது என்று எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. கோபத்தில் சொன்ன சரிதான் அது. ஆனால் சொன்ன பிறகு பின்வாங்குகிற பழக்கம் என்னிடம் இல்லை.

ஊருக்கு வெளியே அரசாங்க மல்லாட்டைப் பண்ணை ஒன்று இருந்தது. அங்கே வேலை பார்த்த விருத்தாசலத்தின் பெண்கள் இருவர் எங்கள் பள்ளியில் படித்தார்கள். அவரைக் கூப்பிட்டுத் தரையைக் காட்டினேன். ஒல்லியான மனிதர், எதையும் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பாத்தி போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். பெற்ற தாயே சோறு வெந்துவிட்டது என்றாலும் இன்னொரு பானையில் வைத்துப் பார்க்கலாமா என்று கேட்பார் போலிருக்கிறது.

அவர் தரையைச் சுற்றி வந்தார். பிறகு, "தினம் யாரு பெருக்கறாங்க?" என்றார். எனக்குப் பெருமையாகிவிட்டது. "ஆறாம் வகுப்புப் பொண்ணுங்க. காலைல வந்ததும் பெருக்கி, தண்ணி தெளிச்சு, ஒரு துரும்பு இல்லாம வச்சுக்குவாங்க. எந்தப் பள்ளிக்கூடத்துலயும் இப்படி ஒரு தரைய நீங்க பாத்திருக்க மாட்டீங்க."

"அதாங்க கொன்னுட்டீங்க" என்றார் அவர், அலுங்காமல்.

எனக்கு முகம் சிவந்துவிட்டது. சுத்தமாக வைத்திருக்கிறேன் என்றால் கொன்றுவிட்டாய் என்கிறாரே! அவர் அதைக் கவனிக்கவே இல்லை. கடப்பாரையால் ஒரு இடத்தில் ஓங்கிக் குத்தினார். மேலே ஏடு மாதிரி ஒரு பொருக்கு பெயர்ந்தது. கீழே செங்கல் போல மண்.

"தொடப்பத்தால தெனம் கீறிக்கினே இருந்தா எந்தத் துளிர் தலை தூக்கும்? தெளிக்கிற தண்ணி ஒரு விரக்கடைக்கு மேல எறங்கல பாருங்க. தூசிய அடக்கறதுக்கு அது சரி, வேருக்கு அது ஆவாது. மேலயே ஈரம் இருந்தா வேரும் மேலயே குந்திக்கும், ஒரு வெயிலுல செத்துடும். வாரத்துக்கு ஒரு தரம் ஊற ஊற விடுங்க, அப்பறம் தரைய காய விடுங்க. வேரு தண்ணியத் தேடிக்கினு கீழ போவும். கெட்டித்துப் போன மண்ணுல காத்து இல்ல. வேருக்கும் மூச்சு வேணும்."

"இது மல்லாட்டைக்குச் சொல்றீங்களா, புல்லுக்கா?"

"வேருன்னா எல்லாம் ஒண்ணுதாங்க. ஆனா நான் சொல்லிட்டேன்னு நம்பாதீங்க. ஒரு மூலையில ரெண்டு பாத்தி கட்டுங்க. ஒண்ண உங்க இஷ்டத்துக்குப் பெருக்கித் தண்ணி தெளியுங்க. ஒண்ண என் இஷ்டத்துக்கு விடுங்க. எது நிக்குதுன்னு நீங்களே பாருங்க."

அது எனக்குப் பிடித்தது. பேச்சில் ஜெயிக்கப் பார்க்காத ஆணை நான் அன்றுதான் பார்த்தேன். சரி, என்ன புல் போடுவது என்று கேட்டேன்.

"அருகம்புல்லு."

நான் சிரித்த சிரிப்பில் ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். என் அப்பாவும் அம்மாவும் கோலியனூரில் பிறத்தியார் கொல்லைகளில் அருகு தோண்டியே முதுகு வளைந்தவர்கள். ஒரு கணு மண்ணில் தங்கிவிட்டால் மழைக்குப் பிறகு கொல்லை முழுவதும் அதுதான். நிலத்துக்காரர் வரப்பில் நின்றுகொண்டு வேர் வரைக்கும் தோண்டச் சொல்லிக் கத்துவார். எங்கள் வீட்டில் யாரையாவது திட்ட வேண்டும் என்றால் அருகு மாதிரி வந்து ஒட்டிக்கொண்டான் என்றுதான் திட்டுவார்கள். அப்படி வந்த நான் அதைப் பயிர் செய்ய வேண்டுமாம்.

என் தம்பி சவுரிராயன் கோலியனூரில் இன்னும் அதே வேலைதான் செய்துகொண்டிருந்தான். தோண்டின அருகை எரிக்காமல் எனக்குக் கொடு என்றேன். அவன் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தான்.

"இன்னாக்கா, காச்சலா?"

"ஜல்தியா மூட்டை கட்டுடா. பேசிக்கினு நிக்காத."

ஈரச் சாக்கில் கட்டிக் கொடுத்தான். விழுப்புரத்தில் ரயிலில் பெண்கள் பெட்டியில் ஏற்றினேன். டிக்கெட் பரிசோதகர் மூட்டையைக் காலால் தொட்டு, என்ன இது என்றார். அருகு என்றேன். மருந்துக்கா என்றார். பள்ளிக்கூடத்தில் நடுவதற்கு என்றேன். அவர் சொந்தக்காரர்கள் விவசாயிகள் போலிருக்கிறது. என்னைப் பார்த்த பார்வையில் போலீசைக் கூப்பிடலாமா என்ற யோசனை தெரிந்தது. "களைய ரயிலு ஏத்திக்கினு போற மொத ஆளு நீங்கதான் டீச்சரம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

புரட்டாசியில் நட்டோம். முதலில் மூலையில் இரண்டு பாத்திகள், பிறகு மேலாகச் சுரண்டி மற்றத் தரையிலும். தோற்றாலும் நியாயமாகத் தோற்க வேண்டும் என்று என் பாத்தியை ஆசையாகப் பெருக்கினேன், தினமும் தெளித்தேன். அது மூன்று வாரத்தில் வெளுத்துச் சுருண்டது. விருத்தாசலத்தின் பாத்தியில் கொடி ஓடிக் கணுவுக்குக் கணு வேர் விட்டிருந்தது. அன்றைக்கே துடைப்பங்களை எல்லாம் வாங்கி அறையில் வைத்துப் பூட்டினேன். வாசலைப் பெருக்குங்கள், பின் தரையைத் தொட்டால் கையை முறிப்பேன் என்றேன். பெருக்காத பள்ளிக்கூடம் இழவு வீடு மாதிரி கிடக்கிறது என்று ஓர் ஆசிரியை மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். சொல்லட்டும்.

கோதண்டபாணியின் மண்டிக்குப் பின்னால் பல வருஷத்து மல்லாட்டைத் தோல் குவிந்து மக்கிக் கறுத்துக் கிடந்தது. அதைப் பெண்கள் கூடையில் அள்ளி வந்தார்கள். சலித்து, புல்லை மூடாமல் ஒரு விரல் கனத்துக்குத் தூவினோம். மண்டிக் கணக்கப்பிள்ளைக்குக் குப்பை ஒழிந்தது என்று சந்தோஷம்.

தரையில் பாதி பச்சை பிடித்தது. கூடவே கோரையும் நெருஞ்சியும் வந்தன. நெருஞ்சி இருந்தால் வெறுங்காலில் எப்படி ஆடுவது? மயிலம் போகிற சாலையில் இருக்கும் பொன்னியைக் கூப்பிட்டேன். களை எடுப்பதில் அவளையும் அவள் ஆட்களையும் அடிக்க அந்தப் பக்கத்தில் ஆள் கிடையாது. தீபாவளி லீவில் கோரை, நெருஞ்சி இரண்டையும் வேரோடு எடுத்துவிடச் சொல்லிவிட்டு விழுப்புரம் போய்விட்டேன்.

லீவு முடிந்து வந்து பின்பக்கம் போனேன். என் கையிலிருந்த குடை கீழே விழுந்தது.

பச்சை பிடித்திருந்த பாதி முழுவதும் முழங்கை ஆழத்துக்குக் கொத்திப் போடப்பட்டிருந்தது. ஒரு புல் இல்லை. கேட்டுப் பக்கம் ஓர் ஆள் உயரத்துக்கு அருகு, மண் உதறி, கிழங்கு கிழங்காக அழகாக அடுக்கி வைத்திருந்தார்கள். பொன்னி அதன் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். பாராட்டுவேன் என்று காத்திருக்கிறாள்!

"அடிப்பாவி! கோரையத்தான எடுக்கச் சொன்னேன்? என் குடிய கெடுத்துட்டியேடி!"

"கோரையும் எடுத்தாச்சு, நெருஞ்சியும் எடுத்தாச்சு. அருகு இம்மாம் இருந்திச்சு, அதையும் சேத்து எடுத்தாச்சு. நீங்க தனியா கூலி தர வேணாம்."

"அத நட்டதே நான்தான்டி!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அவளுக்கும் கோபம் வந்துவிட்டது. "யாராச்சும் அருக நடுவாங்களா? நாங்க கை வச்ச நெலத்துல அருகு நின்னா நாளைக்கு எங்கள எவன் வேலைக்குக் கூப்புடுவான்? கோரைய மட்டும் எடுத்துட்டு அருக வுட்டுட்டுப் போயிட்டான்னு ஊரு சிரிக்கும். சொல்ற வேலைய புரியற மாதிரி சொல்லுங்க!"

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் அவள் பார்த்துவிடுவாள் என்று இன்னும் சத்தமாகக் கத்தினேன். அவளும் கத்தினாள். கத்தி முடித்து இரண்டு பேரும் மூச்சு வாங்கி நின்றபோதுதான் அந்தக் கொத்தின மண் என் கண்ணில் பட்டது. பொலபொலவென்று கிடந்தது. என் செருப்பு அதில் புதைந்தது. நாங்கள் மேலோட்டமாகச் சுரண்டி நட்ட தரை அப்படி ஒருநாளும் இருந்ததில்லை. வடகிழக்கில் மேகம் கட்டிக்கொண்டு நின்றது.

"பொன்னி, இதெல்லாத்தையும் துண்டு துண்டா வெட்டு. இப்பவே திரும்ப நடணும்."

"புடுங்கினதையேவா?"

"புடுங்கினதையேதான். மிச்சம் இருக்கற பாதியையும் இதே மாதிரி கொத்திப் போடு. அங்கயும் நடணும்."

பொன்னி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். பிழைப்பெல்லாம் அருகைப் பிடுங்கினவர்கள் அன்றைக்குக் கணு பார்த்து அருகை நட்டார்கள். "எங்க மாமியாரு பாத்தா நாக்கப் புடுங்கிக்கினு சாவும்" என்றாள் ஒருத்தி. மாலை தூறல் பிடித்தது. அன்று நனைந்துகொண்டே ரயிலேறினேன்.

அந்த ஐப்பசி, கார்த்திகை மழையில் புல் வந்த வேகத்தை நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். விருத்தாசலம் வந்து குத்திப் பார்த்தார். கடப்பாரை வழுக்கிக்கொண்டு இறங்கியது. "வேருக்கு மூச்சு வுட நான் சும்மா ஓட்டை போடலாம்னுதான் நெனைச்சேன். இவங்க நெலத்தையே தெறந்துட்டாங்க" என்றார். உடனே பொன்னியிடம், இன்னும் ஆழமாகக் கொத்தினால் எப்படி இருக்கும் என்று ஒரு பாத்தி பார்க்கலாமா என்றார். அவள் மண்வெட்டியை அவரிடமே நீட்டினாள்.

மார்கழியில் அறுக்க வேண்டி வந்தது. அதில் ஒரு சண்டை. பொன்னி அரிவாளை மண்ணோடு ஒட்டி வைத்து வழித்தாள். மாட்டுக்கு அறுத்துப் பழகின கை; ஓர் இலையை விட்டாலும் நஷ்டம். மூன்று விரல் உயரம் விட்டு நுனியை மட்டும் அறு, ஒட்ட வழித்தால் வேருக்குச் சோறு போட இலை இருக்காது, வெயில் மண்ணில் அடிக்கும், களை வரும் என்றேன். முனகிக்கொண்டே கேட்டாள். அறுத்த நுனியை அப்படியே தரையில் விட வேண்டும் என்றதும் அரிவாளைக் கீழே போட்டுவிட்டாள்.

"அறுத்தவளுக்குத்தான் புல்லு. இது எங்க ஊரு வழக்கம். கூலி கொறைச்சலா குடுத்தாலும் பரவால்லன்னு எதுக்கு வர்றோம்? புல்லுக்குப் பசிக்குதுன்னு புல்லையே போடச் சொல்றீங்க. என் மாட்டுக்குப் பசிக்காதா?"

நான் யோசித்தேன். அவள் கேட்டதில் தப்பு இல்லை. நீளமாக வளர்ந்து அறுக்கிறபோது அவளுக்கு. கொஞ்சமாக நுனி கிள்ளுகிறபோது தரைக்கு என்று பேசி முடித்தோம். நுனி விழுந்த இடமெல்லாம் மக்கி, அடுத்த மழைக்கு இன்னும் கரும்பச்சையாக வந்தது. அதைப் பொன்னியே வந்து காட்டினாள். மாட்டுச் சாணத்தைக் காய வைத்துத் தூளாக்கி ஒரு கூடை கொண்டுவந்து கொட்டிவிட்டுப் போனாள். நான் கேட்கவே இல்லை.

தை பிறந்தது. கோதண்டபாணி வந்தார். பின் வாசலில் அப்படியே நின்றுவிட்டார். சுவரிலிருந்து சுவர் வரை பச்சை. கோரை நுழைய இடம் இல்லாமல் அடர்ந்து நின்றது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தார், கால் விரலால் அழுத்திப் பார்த்தார்.

"ஜெயிச்சுட்டீங்க டீச்சரம்மா. மல்லாட்டைய வேற எடம் பாத்துக்கறேன்" என்றார்.

அன்று நாலு மணிக்குப் பெண்கள் போட்ட கூச்சலில் பக்கத்துத் தெருக்காரர்கள் ஓடி வந்தார்கள். விழுவதற்காகவே ஓடி ஓடி விழுந்தார்கள். கெங்கம்மாளின் அம்மா வந்து புல்லில் உட்கார்ந்து கையால் தடவிப் பார்த்துவிட்டு, "சரி, போய் ஆடு" என்றாள். என் நெஞ்சு அப்படியே நிறைந்துவிட்டது.

ஒரு வாரம். ஒரே வாரம்தான்.

அடுத்த திங்கட்கிழமை போனால், தரையைச் சுற்றி முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தது. நடுவில் பெயிண்ட் காயாத ஒரு பலகை: புல்லை மிதிக்காதீர். பெண்கள் கயிற்றுக்கு வெளியே வரிசையாக நின்றுகொண்டிருந்தார்கள். நேராக மண்டிக்குப் போனேன்.

"கோவப்படாதீங்க" என்றார் கோதண்டபாணி. "வெள்ளிக்கெழம பெரிய அதிகாரி வர்றாரு, சம்சாரத்தோட. நம்ம புல்லுமேல டீ பார்ட்டி. அதுக்கப்பறம் ஊருப் பெரிய மனுஷங்க சாயங்காலத்துல வந்து குந்தறதுக்கு ஒரு கிளப்பு மாதிரி வச்சுக்கலாம்னு எண்ணம். இந்த மாதிரி புல்லு இந்த ஜில்லாவுல எங்க கீது?"

"தரை பொண்ணுங்களுக்குன்னு சொன்னீங்க."

"சொன்னேன். மல்லாட்டை கொட்டலயே! பொண்ணுங்க பாக்கட்டும், சுத்தி நின்னு பாடட்டும். மிதிச்சாதான் கெட்டுப் போவும்."

"கெடாதுங்க. அருகு மிதிபட்டாதான் படுத்து ஓடும். ஒரு பக்கம் ஆடினா மறுபக்கத்துக்கு ஓய்வு விடறோம். விருத்தாசலத்தக் கேளுங்க."

"எனக்கு யாரையும் கேக்கத் தேவையில்ல. எடம் என்னுது, பள்ளிக்கூடம் என்னுது. புல்லுக்குப் போட்ட எருகூட என் மண்டி எரு. நீங்க வேலையில இருக்கணும்னா கயித்துக்கு இந்தாண்ட நில்லுங்க."

வீட்டுக்கு வந்து வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் சோற்றில் கை வைத்தபடியே கேட்டார்.

"வேல போயிடுமே மேரி."

"போவட்டும். கட்டாந்தரையா இருக்கும்போது விழுந்து கை ஒடிச்சிக்கினதுங்க அதுங்கதான். எரு சுமந்ததும் அதுங்கதான். புல்லு வந்ததும் வெளிய நிக்கணுமா? எங்கப்பன் ஆத்தாள வரப்புமேல நின்னுக்கினு வெரட்டினாங்களே, அதே மாதிரி இவரும் பண்றாரு. நான் நிக்க மாட்டேன்."

அவர் தட்டை என் பக்கம் நகர்த்தினார். "கொழம்பு ஊத்து" என்றார். அது அவர் சம்மதம்.

வெள்ளிக்கிழமை. புல்மேல் நாற்காலிகள், வெள்ளைத் துணி போட்ட மேஜைகள், கேக், பிஸ்கட். அதிகாரியும் அவர் மனைவியும் நடுவில். மண்டிக்காரர்கள், வக்கீல்கள் சுற்றிலும். கோதண்டபாணி சரிகைத் துண்டோடு அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தார். நாலு மணி ஆனது. நான் மணி அடித்தேன். கால அட்டவணையில் நாலு மணிக்கு விளையாட்டு என்று எழுதியிருக்கிறது. அதை யாரும் மாற்றவில்லை.

கயிற்றை ஒரு முளையிலிருந்து அவிழ்த்தேன். பலகையைப் பிடுங்கிச் சுவரோரம் திருப்பிச் சாய்த்தேன். சுண்ணாம்புத் தூள் சட்டியை எடுத்துக்கொண்டு நடுக்கோடு போட ஆரம்பித்தேன். கோடு நேராக அதிகாரியின் மேஜைக்குப் போயிற்று.

"ஐயா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா? கோடு போடணும்."

அவர் என்னைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். என்ன ஏற்பாடு என்று புரியாமல் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே எழுந்து ஒதுங்கினார். அவர் ஒதுங்கினதும் மற்றவர்கள் எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஒதுங்கினார்கள். பெண்கள் பாவாடையைச் செருகிக்கொண்டு உள்ளே வந்தார்கள். முகத்தில் பயம் தெரிந்தது. ஆனால் ஒருத்திகூட வெளியே நிற்கவில்லை.

கோதண்டபாணி என் பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"மானத்த வாங்கறியா? வெளிய இட்டுக்கினு போ!"

"தரை பொண்ணுங்களுக்கே. எல்லா டீச்சருங்க முன்னாலயும் உங்க வாயால சொன்னது. அதிகாரிகிட்ட நான் சொல்லட்டா, நீங்களே சொல்றீங்களா?"

"நாளையிலேர்ந்து நீ வேலைக்கு வர வேணாம்."

எதிர்பார்த்துத்தான் போயிருந்தேன். சுண்ணாம்புச் சட்டியைக் கீழே வைத்தேன்.

"நாளையிலேர்ந்துதான? இன்னிக்கு நான்தான் தலைமை ஆசிரியை. ஆட்ட நேரம், கோட்டுக்கு அந்தாண்ட போய் நில்லுங்க."

விசிலை எடுத்து ஊதினேன். கெங்கம்மாள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

வேலை போயிற்று. சொன்னபடி செய்தார், அந்த ஒரு விஷயத்தில் மட்டும் சொன்ன சொல் தவறவில்லை. அடுத்த வாரம் பொன்னி விழுப்புரம் சந்தைக்கு வந்தவள் நேராக என் வீட்டுக்கு வந்தாள். கூடையை இறக்கி வைக்கும்போதே சிரிப்பு தாங்கவில்லை அவளுக்கு.

"திரும்பக் கயிறு கட்டினாருமா! ரெண்டு தரம் கட்டிட்டாரு. புது டீச்சரம்மா வேற கேட்டாண்ட காவலுக்கு நிக்குது."

"பொண்ணுங்க?"

"கயித்த அவுத்து ஆளுக்கு ஒரு பக்கம் புடிச்சிக்கினு தாண்டிக்கினு கீதுங்க! சடுகுடு ஒரு பக்கம், கயிறு தாண்டறது ஒரு பக்கம். தெனம் அதே கூத்துதான். அந்தாளு ஜன்னலாண்ட நின்னு பாத்துக்கினு கீறாரு. எத்தினி பேர நெறுத்துவாரு?"

நான் அடுப்படியில் அப்படியே உட்கார்ந்து சத்தம் போட்டுச் சிரித்தேன். வேலை போனவள் இப்படிச் சிரிக்கிறாளே என்று வீட்டுக்காரர் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார். பொன்னிக்கும் சேர்த்து டீ போடச் சொன்னேன்.